பேசாத பையனுக்கு வேலை வராதா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 16 வயது, 11ஆம் வகுப்பு. பள்ளியே ஏற்பாடு செய்த ஆறு வார இன்டர்ன்ஷிப்புக்காக ஓர் அச்சகத்துக்குப் போய்வருகிறான். மூன்று வாரம் முடிந்திருக்கிறது. இடைக்கால மதிப்பீட்டுத் தாளில் மேற்பார்வையாளர் எழுதியிருப்பது: 'ஆர்வம் போதாது. யாரோடும் பேசுவதில்லை. வேலைக்கான பர்சனாலிட்டி இல்லை.' அதே அச்சகத்துக்குப் போகும் வகுப்புத் தோழன் கலகலப்பானவன். அவனுக்கு எல்லாக் கட்டத்திலும் 'நன்று'.

மகனின் குறைகளைத் தாய் வரிசையாகச் சொல்கிறார். போன் அடித்தால் எடுக்காமல் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறான். கொடுத்த வேலை முடிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். சந்தேகம் கேட்பதில்லை, அப்படிக் கேட்காமல் விட்டதில் 200 அழைப்பிதழ்களைத் தலைகீழாக மடித்துவிட்டான். வெட்டும் இயந்திரத்தில் சிக்கிய காகிதத்தை எடுக்கச் சொன்னால் பின்வாங்கினான், எல்லாரும் சிரித்தார்கள். போதாக்குறைக்கு, பயிற்சிக்கு முன் பள்ளியில் எழுதிய ஆளுமைச் சோதனையும் அவனை 'உள்முகமானவன்' என்று சொல்லியிருக்கிறது. அதில் எழுதியிருந்ததெல்லாம் அவனுக்கு அப்படியே பொருந்தியதாம். அப்பா, பயிற்சியை நிறுத்திவிட்டு 10 நாள் ஆளுமை வளர்ச்சி வகுப்பில் சேர்க்கலாம் என்கிறார். தாயின் கேள்விகள் மூன்று. நிறுத்துவதா, தொடர்வதா? வகுப்பில் சேர்த்தால் சுபாவம் மாறுமா? இந்த மதிப்பீடு அவன் எதிர்காலத்தைக் கெடுத்துவிடுமா? 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது காத்திருக்கக் கூடிய விஷயம் இல்லை.

முதலில் அந்த இயந்திரம்

வெட்டும் இயந்திரத்தைக் கண்டு பின்வாங்கியதை அவன் பயந்த சுபாவத்துக்கு உதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்தபோது, 'நல்லவேளை, பின்வாங்கினான்' என்றுதான் நினைத்தேன். அச்சகத்தில் இருக்கும் வெட்டும் இயந்திரம் ஒரே இறக்கத்தில் ஒரு கட்டுத் தாளைத் துண்டாக்குவது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்கும் என்று பொதுவாக அதை அமைப்பதே, அந்த நேரத்தில் யார் கையும் உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக. அதில் சிக்கிய காகிதத்தை எடுக்க, பயிற்சி பெறாத 16 வயதுப் பையனை அனுப்பியது பெரியவர்களின் தவறு. சிரித்தது அதைவிடப் பெரிய தவறு.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1999இல் கொண்டுவந்த 182ஆம் உடன்படிக்கை, 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. 2020இல் அந்த அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் அதை ஏற்றுவிட்டன. அதோடு வந்த 190ஆம் பரிந்துரை, எது ஆபத்தான வேலை என்று முடிவு செய்யும்போது ஆபத்தான இயந்திரங்களோடு செய்யும் வேலையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 16 வயது முதல் அனுமதிக்கலாம் என்று ஒரு நாடு முடிவு செய்தாலும், போதிய பயிற்சியும் முழுப் பாதுகாப்பும் இருந்தால்தான் என்கிறது. சில நாடுகளின் சட்டம் இதைவிடக் கடுமையாகவும் இருக்கும்.

அதனால் இந்த வாரமே பள்ளியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் பேசுங்கள். பேசியதை எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். மகன் புகார் சொன்னான் என்று சொல்ல வேண்டாம். 'பெற்றோர் என்ற முறையில் கேட்கிறேன்: பள்ளிக்கும் அச்சகத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தில் என்னென்ன வேலை எழுதியிருக்கிறது? தினம் எத்தனை மணி நேரம்? எந்த இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாது? அடிபட்டால் யார் பொறுப்பு?' இவ்வளவு கேட்டால் போதும். மகனிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: 'அன்னைக்கு நீ பின்வாங்கினது சரி.' மூன்று வாரமாக அதை அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

'பர்சனாலிட்டி' என்ற சொல்

நம் பேச்சில் இந்தச் சொல் ஒரு மாதிரி திரிந்துபோயிருக்கிறது. 'ஆள் நல்ல பர்சனாலிட்டி' என்றால் உயரம், உடை, நிமிர்ந்த நடை, தயங்காத பேச்சு. மேற்பார்வையாளர் எழுதியது அந்தப் பொருளில்தான் என்று நினைக்கிறேன். உளவியலில் ஆளுமை என்பது வேறு. ஒருவர் பலவிதச் சூழலிலும் தொடர்ந்து எப்படி யோசிக்கிறார், உணர்கிறார், நடந்துகொள்கிறார் என்பது அது. இன்றைக்கு ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது ஐந்து கூறுகளை: பொறுப்புணர்வு, புறமுக நாட்டம் (பிறரோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு), இணக்கம், புதியதில் நாட்டம், எளிதில் கலங்கும் தன்மை. ஐந்திலும் எல்லாருக்கும் ஏதோ ஓர் அளவு உண்டு. 'பர்சனாலிட்டி இல்லாத' ஆள் உலகத்தில் கிடையாது.

மதிப்பீட்டுத் தாளை விட்டுவிட்டு, உங்கள் கடிதத்தையே ஆதாரமாக வைத்துப் பார்க்கலாம். தினமும் கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, சொன்னதையெல்லாம் குறித்துக்கொள்கிறான். ஒரு நிகழ்ச்சி அழைப்பிதழின் மெய்ப்பை, அதாவது அச்சடிக்கும் முன் பிழை பார்க்க எடுக்கும் நகலை, பார்த்தபோது, தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்று நாட்காட்டியைப் பார்த்துக் கண்டுபிடித்தான். வடிவமைப்பாளர் 'எப்படிடா பார்த்தே?' என்று கேட்டார். இதையெல்லாம் கடிதத்தின் கடைசியில், ஏதோ ஆறுதலுக்காகச் சேர்த்தது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

காரணம் உண்டு. மரே பாரிக், மைக்கேல் மவுன்ட் என்ற இருவர் 1991இல், ஆளுமைக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 117 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லா வகை வேலைகளிலும் தொடர்பு காட்டிய கூறு பொறுப்புணர்வு ஒன்றுதான். நேரத்துக்கு வருவது, குறித்து வைப்பது, இன்னொரு முறை சரிபார்ப்பது எல்லாம் அதற்குள் வருகின்றன. உங்கள் மகனிடம் அது நிறையவே இருக்கிறது. சத்தம் போடாமல் இருப்பதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதையும் பெரிதாக்கிக்கொள்ள வேண்டாம். முழுத் தொடர்பை 1 என்று வைத்தால், அந்தத் தொடர்பின் அளவு 0.2 பக்கம்தான். அதாவது, வேலைத்திறனில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய 5 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது. மீதி எல்லாம் திறமை, பழக்கம், சொல்லிக்கொடுத்த விதம், கூட வேலை செய்பவர்கள் என்று பலவற்றைப் பொறுத்தது. ஆளுமையை வைத்து ஒரு பையனின் வேலை வாழ்க்கையையே கணித்துவிட முடியாது, நல்லதாகவும் சரி, கெட்டதாகவும் சரி.

தோழனோடு ஒப்பிட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். பேச்சே தொழிலாக இருக்கும் விற்பனையில்கூட அது முழு உண்மை இல்லை. ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர், தொலைபேசியில் விற்பனை செய்யும் 340 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதிகம் விற்றவர்கள் ஓயாமல் பேசுபவர்களும் இல்லை, பேசவே தயங்குபவர்களும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள். அந்தத் தோழனும் ஒருநாள் பேச்சைக் குறைத்து, எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்கப் பழக வேண்டியிருக்கும். அவன் தாளில் அதை யாரும் எழுதவில்லை.

அந்தச் சோதனைத் தாள்

நான்கு எழுத்தில் ஒருவரின் வகையைச் சொல்லும் சோதனை அது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைச் சோதனைகளின் வேர், கார்ல் யுங் 1921இல் முன்வைத்த கருத்துகளில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அவை மனிதரை இரண்டு பெட்டியில் ஒன்றில் போடுகின்றன: உள்முகம் அல்லது வெளிமுகம். உண்மையில் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள். கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தவன், சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் அந்தப் பக்கம் போய்விடலாம். ஆளை வேலைக்குத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இவற்றில் மிகப் பிரபலமான சோதனையை நடத்துபவர்களே சொல்கிறார்கள்.

'அப்படியே பொருந்தியது' என்கிறீர்களே, அதற்கும் ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர், தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு ஆளுமைக் குறிப்பு என்று சொல்லிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு என்று. யாருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதினால் எல்லாருக்கும் பொருந்தத்தான் செய்யும்.

உங்கள் மகன் கூச்சமுள்ளவன் என்பதை நான் மறுக்கவில்லை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தாளை அவன் ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. 'நான் உள்முகமானவன், அதனால் போன் எடுக்க முடியாது' என்று ஒரு பையன் சொல்ல ஆரம்பித்துவிட்டால், அப்புறம் அவன் முயற்சியே செய்ய மாட்டான். வீட்டில் அந்தச் சொல்லை இனி யாரும் எடுக்காதீர்கள்.

ஐந்தில் வளையாதது

பழமொழியில் உள்ள கவலை புரிகிறது. ஆனால் சுபாவ விஷயத்தில் ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. பிரென்ட் ராபர்ட்ஸும் அவருடைய குழுவினரும் 2006இல், ஒரே ஆட்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த 92 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆளுமையில் பெரிய மாற்றங்கள் நடப்பது 20 முதல் 40 வயதுக்குள். பொறுப்புணர்வு கூடுகிறது, எளிதில் கலங்குவது குறைகிறது. பதின்ம வயதின் தொடக்கத்தில் பொறுப்புணர்வு சற்று இறங்கி, பிறகுதான் ஏறத் தொடங்குகிறது என்று வேறு பெரிய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 16 வயது என்பது ஏறிக்கொண்டிருக்கும் படி. அந்த இடத்தில் வைத்து அளந்துவிட்டு இவன் இவ்வளவுதான் என்று சொல்வது நியாயமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2013இல் வீபகே பிளைடோர்ன் தலைமையில் 62 நாடுகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. இளைஞர்கள் சீக்கிரம் வேலைக்குப் போகும் நாடுகளில் இந்த முதிர்ச்சியும் சீக்கிரம் வருகிறது என்று அது கண்டது. ஒப்பீட்டு ஆய்வு என்பதால் இது காரணத்தை நிரூபித்துவிடாது. ஆனாலும் நான் மாணவர்களிடம் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. சுபாவம் முதிர்ந்த பிறகு வேலைக்குப் போவதில்லை. வேலைக்குப் போய்ப் பொறுப்பை ஏற்றுச் செய்யும்போதே அது முதிர்கிறது. இன்டர்ன்ஷிப் என்ற ஏற்பாடே அதற்காகத்தான். தயாராக இல்லாத பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி தேவை. 'தயாராக இல்லை' என்று பயிற்சியின் பாதியில் எழுதுவது, நீச்சல் சொல்லிக்கொடுக்கும்போது 'இவனுக்கு நீந்தத் தெரியவில்லை' என்று எழுதுவது மாதிரி.

மேற்பார்வையாளர் உண்மையில் பார்த்தது என்ன?

மேற்பார்வையாளர் முழுக்கத் தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன். 200 அழைப்பிதழ் வீணானது உண்மை. போனை எடுக்க ஆள் இல்லாமல் ஒரு வாடிக்கையாளர் திரும்பிப்போனால் அதுவும் நஷ்டம்தான். அதை மகனுக்காக நீங்கள் மறைத்துப் பேசாதீர்கள். வேலை முடிந்தால் சும்மா நிற்பது, போன் எடுக்காதது, சந்தேகம் கேட்காதது என்று அவர் பார்த்த மூன்று செயலும் சரி. அதற்கு வைத்த பெயர்தான் தப்பு. மூன்றையும் கற்றுக்கொள்ள முடியும், அதுவும் மீதமுள்ள மூன்று வாரத்துக்குள்ளேயே பாதி தூரம் வந்துவிடலாம்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு மேலாக அவனுக்குப் பள்ளியில் என்ன சொல்லியிருக்கிறோம்? 'முடித்தவர்கள் அமைதியாக உட்காருங்கள்.' முடித்த பிறகு சும்மா இருப்பதுதான் வகுப்பில் நல்ல பையனின் அடையாளம். அதையே வேலையிடத்தில் செய்தால் 'ஆர்வம் இல்லை' என்கிறார்கள். விதி மாறிவிட்டது, மாறிய செய்தியை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கீழ்ப்படிந்து வளர்ந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இதற்குத் தேவை ஒரே ஒரு வாக்கியம்: 'இது முடிந்தது சார், அடுத்து என்ன செய்யட்டும்?' அவர் வேலையாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்: மேசையை ஒழுங்குபடுத்துவது, தாள்களை எண்ணி அடுக்குவது, முந்தைய மெய்ப்பைப் பார்ப்பது.

போன் கொஞ்சம் கடினம். செய்திகளை எழுதி அனுப்பியே வளர்ந்த தலைமுறைக்கு, முகம் தெரியாதவர் குரலுக்கு யோசிக்க நேரமில்லாமல் பதில் சொல்வது நிஜமாகவே பயம் தரும். 'எடுத்துப் பேசேன், என்ன ஆகிவிடும்' என்று சொல்வதால் அது போகாது. கனடிய அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பன்டூரா 1977இலேயே விளக்கியது இது: 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, தானே ஒருமுறை செய்து முடித்த அனுபவம். பாராட்டும் அறிவுரையும் அதற்குப் பின்னால்தான் வரும். அதனால் செய்து முடிக்கக்கூடிய அளவுக்கு வேலையைச் சிறிதாக்குங்கள். நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளட்டும்: அச்சகத்தின் பெயர், 'உங்கள் பெயர், நம்பர் சொல்லுங்கள்', 'என்ன வேலைக்காகப் பேசுகிறீர்கள்?', 'கேட்டுவிட்டுத் திரும்ப அழைக்கச் சொல்கிறேன்.' நீங்கள் அடுத்த அறையிலிருந்து அவனுக்குப் போன் செய்யுங்கள். முதலில் பொறுமையான வாடிக்கையாளராக, அப்புறம் அவசரக்காரராக. இரண்டு நாள் வீட்டில் செய்துவிட்டு, அச்சகத்தில் தினம் ஒரே ஒரு அழைப்பு. பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குறித்துக்கொண்டால் போதும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பாதிப் பயம், பதில் தெரியாமல் போய்விடுமோ என்பதுதான்.

சந்தேகம் கேட்காததுக்குக் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்காமல். முதல் வாரத்தில் ஒரு கேள்வி கேட்டபோது 'இதுகூடத் தெரியாதா?' என்று எல்லார் முன்னாலும் கேட்டார்களாம். அதற்குப் பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். இதற்குச் சுபாவத்தைத் தேட வேண்டியதே இல்லை. சூடுபட்ட கை பின்வாங்குகிறது. 200 அழைப்பிதழ் வீணானதில் அந்த ஒரு வாக்கியத்துக்கும் பங்கு இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் மூலமாக ஒரு சின்ன ஏற்பாட்டைக் கேளுங்கள்: காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், அவனுடைய கேள்விகளுக்கென்று. நோட்டில் எழுதி வைத்ததைப் பார்த்துக் கேட்டால் கூச்சம் பாதியாகிவிடும். மடிப்பது, ஒட்டுவது, எண்ணுவது மாதிரி வேலைகளில், ஒன்றைச் செய்து காட்டி 'இப்படியே மீதியைச் செய்யட்டுமா?' என்று கேட்டுவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். கூச்சப்படுகிறவனுக்கு அது எளிது, கையில் காட்ட ஒரு பொருள் இருப்பதால்.

நிறுத்துவதா, தொடர்வதா?

என் ஆலோசனை, தொடரட்டும். ஆனால் நிபந்தனையோடு. இந்த இடத்தில் நிறுத்தினால், அவன் மனதில் கடைசியாகப் பதிவது அந்தத் தாளின் மூன்று வரியாகவே இருக்கும். அடுத்த வேலையிடத்துக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் போவான். மீதி மூன்று வாரத்தில் ஒரு போன், ஒரு கேள்வி, ஒரு 'அடுத்து என்ன' என்று சிறிதாகவேனும் செய்து முடித்தால், அந்தப் பதிவு மாறும்.

நிபந்தனை: இயந்திரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்குத் தெளிவான பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது கேலி தொடர்ந்தால், தயங்காமல் நிறுத்துங்கள்; பள்ளியிடம் வேறு இடம் கேளுங்கள். ஒரே வாரம் பார்த்தால் போதும், பள்ளி என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். அச்சகத்துக்குள்ளேயே வேலையை மாற்றிக் கேட்கவும் வழி உண்டு. மெய்ப்புப் பார்ப்பதில் அவனுக்கு அதிக நேரமும் வரவேற்பு மேசையில் குறைவான நேரமும் கேட்கலாம். ஆனால் வரவேற்பு மேசையை முழுக்க எடுத்துவிடச் சொல்லாதீர்கள். கடினமானதை முழுக்கத் தவிர்த்தால் அது இன்னும் பயங்கரமாகத் தெரியும்.

10 நாள் வகுப்பைப் பற்றி. முயற்சியால் ஆளுமை மாறுமா என்றால், மாறும். ராபர்ட்ஸ் குழுவின் 2017ஆம் ஆண்டு தொகுப்பாய்வு, சிகிச்சையும் பயிற்சியும் தந்த 207 ஆய்வுகளைப் பார்த்து அப்படித்தான் சொன்னது. ஆனால் அவை சராசரியாக 24 வாரம் நீடித்தவை. கல்லூரி மாணவர்களை 15 வாரம் பின்தொடர்ந்து 2019இல் வந்த ஒரு ஆய்வு இன்னும் தெளிவு: மாற வேண்டும் என்று விரும்பியது மட்டும் பலன் தரவில்லை; தாங்களே எடுத்துக்கொண்ட சின்னச் சின்னச் சவால்களை வாரா வாரம் செய்து முடித்தவர்கள்தான் மாறினார்கள். 10 நாளில் சுபாவத்தை மாற்றுகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேடையில் பேசப் பழகுவதற்கு அவனே ஆசைப்பட்டால் ஒரு வகுப்புக்குப் போகட்டும், தவறில்லை. 'உன்னைச் சரிசெய்ய' என்று சொல்லி அனுப்பாதீர்கள். கணவரிடமும் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் பயப்படுவதும் மகனுக்காகத்தான்.

மதிப்பீட்டுத் தாள்

ஒரே ஒரு எண்ணம் மற்ற எல்லாக் கட்டத்துக்கும் பரவுவதை எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920இலேயே எழுதியிருக்கிறார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை அவர் பார்த்தார். தோற்றம், அறிவு, தலைமை, குணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டியவை, ஆனால் ஒன்றில் உயர்ந்தவருக்கு எல்லாவற்றிலும் உயர்வாகவே விழுந்திருந்தது. தோழனின் தாளிலும் உங்கள் மகனின் தாளிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பேச்சு ஒன்றே மற்ற கட்டங்களை நிரப்பிவிட்டது.

அதனால் சண்டை போடாமல், செயலை எழுதச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை நாள் நேரத்துக்கு வந்தான், எந்த வேலையைத் தனியாகச் செய்கிறான், எதில் உதவி தேவை, இனி என்ன கற்க வேண்டும். அப்படி எழுதினால் அந்தத் தாள் அவனுக்கும் பயன்படும். 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல, சொந்தமாகக் கருத்தை உருவாக்கிக்கொள்ளக்கூடிய 18 வயதுக்கு உட்பட்ட எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. தாளை அவனும் பார்க்க, தன் பக்கத்தை இரண்டு வரி எழுத, பள்ளியிடம் இடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எதிர்காலம் கெட்டுவிடுமா என்றால், 16 வயதில் எழுதிய ஓர் இடைக்காலத் தாளை வைத்து ஒருவரை ஒதுக்கியதை நான் இதுவரை பார்த்ததில்லை. இறுதி மதிப்பீடுதான் கோப்பில் நிற்கும், அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண் வைத்திருங்கள். காலையில் கிளம்பும் நேரத்தில் தினமும் வயிற்றுவலி, தூக்கம் கெடுவது, நண்பர்களையும் வீட்டு ஆட்களையும்கூடத் தவிர்ப்பது, பள்ளியிலும் இதே நிலை என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால், அது கூச்சத்தைத் தாண்டிய சமூகப் பதற்றமாக இருக்கலாம். பெரும்பாலும் பதின்ம வயதில்தான் அது தொடங்கும். நல்ல சிகிச்சையும் இருக்கிறது. அப்போது ஒரு உளவியலாளரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியாமல் போன இன்னொன்றும் உண்டு. மேற்பார்வையாளர் சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னது, சோதனை சொன்னது எல்லாம் இருக்கிறது. அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று மாலை தாளைப் பற்றிப் பேச்செடுக்காமல், அந்தத் தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், அவனுக்கு இஷ்டமிருந்தால். அவன் பேசும்போது குறுக்கே போகாமல் கேளுங்கள். பயிற்சியைத் தொடர்வதா என்பதையும் அப்புறம் அவனிடமே கேளுங்கள். மூன்று வாரம் முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அவன் சொன்னதை முதலில் எழுதுங்கள்.